இரண்டு பிசி, ஒரே ரெப்பாசிட்டரி!

அண்ணன் கல்யாண போட்டோக்கள் இருந்த கேமரா கார்டை அழித்துவிட அப்பா காத்திருந்தார். அதற்குள் அம்பத்தூர் வீட்டிலுள்ள இரண்டு பழைய பிசிக்களிலும் அவை தானாகவே பதிவாகும்படி செய்ய வேண்டியிருந்தது. இரண்டிலும் உபுண்டு 22.04. நான் தேர்ந்தெடுத்த மென்பொருள் க்ளஸ்டர்எப்எஸ். இதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆனந்த் பாபு பெரியசாமி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்த நிறுவனத்தை 2011-ல் ரெட் ஹேட் வாங்கியது.

முதல் பிசியில் க்ளஸ்டர் குழுவின் பிபிஏ ரெப்பாசிட்டரியைச் சேர்த்து, பதிப்பு 11-ஐ நிறுவினேன். இரண்டாவதில் சேர்க்க மறந்தேன். உபுண்டுவின் சொந்த ரெப்பாசிட்டரியிலிருந்து பதிப்பு 10 வந்து உட்கார்ந்துகொண்டது. இன்ஸ்டால் ஆகும்போது எந்தப் பிழையும் காட்டாது, அதுதான் வம்பு! இரண்டையும் இணைக்க 'பியர் ப்ரோப்' கொடுத்தபோதுதான், தேவையான ஆப்-வெர்ஷன் எதிர் பிசியில் இல்லை என்று மறுத்தது. நானோ அதைச் சரியாகப் படிக்காமல் லேன் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் இரு பிசிகளிலும் 'ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி' கட்டளையால் ஒரே பிபிஏவைச் சேருங்கள். 'ஆப்ட் அப்டேட்' கொடுங்கள். உடனே இன்ஸ்டால் செய்ய வேண்டாம். 'ஆப்ட் பாலிசி' என டைப் செய்து, இடைவெளி விட்டு, 'க்ளஸ்டர்எப்எஸ்-சர்வர்' என்ற பேக்கேஜ் பெயரைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். 'கேண்டிடேட்' வரியில் தெரிவதுதான் நிறுவப்படப் போகும் பதிப்பு. இரு திரைகளிலும் அது ஒன்றாக இருந்தால் மட்டும் நிறுவுங்கள். பிறகு 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' கொடுத்துவிட்டால், ஒரு பிசி மட்டும் தனியாக அப்கிரேட் ஆகாது.

இரண்டிலும் 11 வந்ததும் ப்ரோப் உடனே முடிந்தது. ஆனால் இணைத்த சேமிப்பகத்தில் ஒரு போட்டோவை அழித்தால் இரு பிசியிலும் அழியும். கார்டை அப்பாவிடமிருந்து வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன்.