பச்சிளங்குழந்தை இரவில் எங்கே உறங்க வேண்டும்?

பிரசவம் முடிந்து வீடு திரும்பும் நாளில், தாய்ப்பால் கொடுப்பது, தொப்புளைத் தூய்மையாக வைத்திருப்பது, தடுப்பூசி நாள்கள் ஆகியவை குறித்துப் பெற்றோர் கவனமாகக் கேட்டறிகின்றனர். குழந்தை உறங்கும் இடம் குறித்துக் கேட்பவர்கள் குறைவு. முதல் மாதங்களில் குழந்தை ஒரு நாளில் ஏறத்தாழ 14 முதல் 17 மணி நேரம் உறங்குகிறது. அத்தனை நேரமும் அதன் மூச்சு தடையின்றி நடைபெற வேண்டும். ஆகவே படுக்கையைத் தேர்ந்தெடுப்பதும் மருத்துவக் கவனிப்பின் ஒரு பகுதியே ஆகும்.

பாகாயத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் சிலர் கட்டிலில் உறங்குகின்றனர்; பலர் தரையில் பாய் விரித்து உறங்குகின்றனர். உத்தரத்திலோ கொக்கியிலோ தாயின் பழைய புடவையைக் கட்டித் தூளி ஆட்டும் வழக்கமும் உண்டு. இப்போது தாயின் கட்டிலை ஒட்டி வைக்கும் பக்கத் தொட்டில்களும் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் பின்வரும் விதி பொருந்தும்: குழந்தையின் படுக்கை சமதளமாகவும், உறுதியாகவும், வெறுமையாகவும், தாயின் கைக்கெட்டும் தொலைவிலும் இருக்க வேண்டும்.

இவ்விதிக்குக் காரணம் என்ன?

பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிமீட்டர் அகலமே உடையது. உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது, பின்மண்டை புடைத்திருக்கும், கழுத்துத் தசைகளுக்கு வலு இராது. முதுகு வளைந்து தாடை மார்பில் படிந்தால் மூச்சுப்பாதை குறுகிவிடும். முகத்தில் துணியோ தலையணையோ படிந்தால் அதை விலக்கிக்கொள்ளவும் குழந்தையால் இயலாது. இத்தகைய நிலையில் குழந்தை அழுது எச்சரிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மூச்சுத் தடை பெரும்பாலும் ஓசையின்றியே நிகழ்கிறது.

மல்லாந்த நிலையே பாதுகாப்பானது

1980களின் இறுதி வரை பல மேலை நாடுகளில் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்குமாறு அறிவுறுத்தப்பட்டது. அது ஆபத்தானது என்று ஆய்வுகள் காட்டிய பின்னர், பிரிட்டனில் 1991ஆம் ஆண்டின் இறுதியிலும் அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டிலும் குழந்தையை மல்லாந்து உறங்க வைக்கும் இயக்கங்கள் தொடங்கின. அதன்பின் சில ஆண்டுகளிலேயே அந்நாடுகளில், காரணம் புலப்படாத திடீர்ச் சிசு மரணங்கள் பெருமளவில் குறைந்தன. புதிய மருந்தோ கருவியோ இதற்குத் தேவைப்படவில்லை. படுக்க வைக்கும் முறை மாறியதே முதன்மையான காரணம்.

"மல்லாந்து படுத்தால் கக்கும் பால் புரையேறிவிடாதா?" என்று பாட்டிமார் அஞ்சுவது இயல்பே. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதன் கீழேயும் அமைகின்றன. கக்கிய பால் கீழ்ப்புறம் தங்கிக் குழந்தையால் மீண்டும் விழுங்கப்படுகிறது. குப்புறப் படுத்தால் இந்நிலை தலைகீழாகி, பால் மூச்சுக்குழாயின் வாயில் தேங்கக்கூடும். பால் கொடுத்தபின் ஏப்பம் விடச் செய்து, சற்று நேரம் தோளில் சாய்த்து வைத்திருந்து, பிறகு மல்லாத்துவதே போதுமானது. தலை தட்டையாகும் என்ற கவலைக்கு, விழித்திருக்கும் வேளையில் உங்கள் கண்முன்னே சிறிது நேரம் குப்புற விட்டு விளையாடச் செய்வதே ஏற்ற தீர்வு.

தூளியைப் பற்றி

தூளி தலைமுறைகளாக நம் குழந்தைகளைத் தாலாட்டியது. ஆயினும் துணி வளைந்து தொங்குவதால் குழந்தையின் முதுகும் வளைகிறது. தாடை மார்பை நோக்கித் தாழ்கிறது. இருபுறத் துணியும் முகத்தை நெருங்குகிறது. குறுக்குக்கட்டை வைத்து விரித்தாலும் அடிப்பகுதி சமதளமாவதில்லை. எனவே இரவு உறக்கத்திற்குத் தூளி ஏற்றதன்று. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளையும் எடை குறைந்த குழந்தைகளையும் அதில் படுக்க வைக்கவே வேண்டாம். நிறைமாதத்தில் பிறந்த நலமான குழந்தையை அழுகை அடங்கும் வரை, ஒருவர் அருகிலிருந்து முகத்தைப் பார்த்தபடி ஆட்டலாம். உறங்கியதும் படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். குழந்தை புரளத் தொடங்கியபின் தூளியைக் கழற்றிவிட வேண்டும். வீட்டிலுள்ள மூத்த பிள்ளைகள் அதைச் சுழற்றி விளையாடக் கழுத்து இறுகி உயிரிழந்த நிகழ்வுகள் நம் நாட்டில் பதிவாகியுள்ளன. ஸ்பிரிங் தொட்டிலிலும் துணியே தொங்குவதால் இவ்வறிவுரை அதற்கும் பொருந்தும்.

பக்கத் தொட்டில் வாங்கும்போது

அறுவைப் பிரசவம் ஆன தாய், எழுந்து குனியாமலே குழந்தையை எடுத்துப் பாலூட்டப் பக்கத் தொட்டில் பெரிதும் உதவும். வாங்குமுன் இவற்றைச் சோதியுங்கள்.

1. மெத்தையை உள்ளங்கையால் அழுத்துங்கள். கையை எடுத்ததும் பள்ளம் நிற்கக் கூடாது. மெல்லிய தென்னைநார் மெத்தை ஏற்றது. அமுங்கும் இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம்.

2. மெத்தைக்கும் தொட்டிலின் பக்கங்களுக்கும் இடையே இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி கூடாது. கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருப்பின் வாங்க வேண்டாம்.

3. தொட்டிலின் மெத்தையும் உங்கள் கட்டில் மெத்தையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். வாரினால் இறுகக் கட்டியபின் இரண்டுக்கும் நடுவே சந்து இருக்கக் கூடாது. சக்கரங்கள் இருப்பின் அவை பூட்டப்பட வேண்டும். கட்டிலின் உயரம் பொருந்தாவிட்டால், நான்கு பக்கமும் அடைத்த தனித் தொட்டிலைக் கட்டிலருகே வைப்பதே நல்லது.

4. தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள எடை வரம்பைப் பாருங்கள். குழந்தை கைகளை ஊன்றி எழும்பத் தொடங்கினால், எடை வரம்பை எட்டாவிடினும், உயரமான பக்கங்கள் கொண்ட தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். இது பெரும்பாலும் 5ஆம் மாதத்தையொட்டி நிகழும்.

5. உறவினர் தரும் பழைய தொட்டிலில் பக்கம் மேலும் கீழும் இறங்கும் அமைப்பு இருந்தால் அதைத் தவிருங்கள். குழந்தைகள் சிக்கி இறந்ததால் அமெரிக்காவில் 2011 முதல் அவ்வகைத் தொட்டில்களின் விற்பனை தடை செய்யப்பட்டுள்ளது. 10 பாகைக்கு மேல் சாய்ந்த உறக்கப் படுக்கைகளும், தொட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்புகளும் அங்கே 2022இல் இயற்றப்பட்ட சட்டத்தால் விலக்கப்பட்டன.

6. தொட்டிலுக்குள் எதுவும் வேண்டாம். தலையணை, கடுகுத் தலையணை, அணை உருளை, பொம்மை, தடித்த போர்வை ஆகிய அனைத்தும் வெளியே இருக்கட்டும். கழுத்தில் கயிறோ சங்கிலியோ இருந்தால் உறங்குமுன் கழற்றிவிடுங்கள்.

தொட்டில் வாங்க இயலாவிட்டால்

பாதுகாப்பு விலையைப் பொறுத்ததன்று. பின்லாந்தில் 1938 முதல் தாய்மாருக்கு அரசு வழங்கிவரும் பேறுகாலப் பெட்டி வெறும் அட்டைப்பெட்டியே. அதனுள் சிறு மெத்தையை இட்டுக் குழந்தையை உறங்க வைப்பர். நியூசிலாந்தின் மவோரி மக்கள் குழந்தையோடு ஒரே படுக்கையில் உறங்கும் வழக்கம் உடையவர்கள். அவ்வழக்கத்தைக் கைவிடச் சொல்லாமல், நாரால் பின்னிய சிறு படுக்கைக் கூடை ஒன்றைப் பெற்றோரின் படுக்கையிலேயே வைத்து அதில் குழந்தையை இடும் முறை அங்கே 2006 முதல் பரப்பப்பட்டது. இதனால் தாயின் நெருக்கமும் குழந்தைக்குத் தனி இடமும் ஒருங்கே கிடைத்தன.

தரையில் உறங்கும் குடும்பத்தாரும் இதனைப் பின்பற்றலாம். தாயின் பாயருகே, கைக்கெட்டும் தொலைவில், குழந்தைக்கென்று தனிப் பாயும் மடித்து இறுக்கமாக விரித்த பருத்தி விரிப்பும் போதும். தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவித்த தாய்மாருக்கு 2015இல் தொடங்கப்பட்ட குழந்தைநலப் பரிசுப் பெட்டகத்தில் சிறு படுக்கையும் கொசுவலையும் இடம்பெற்றன. அத்தகைய படுக்கை உங்களிடம் இருந்தால் மேலே சொன்ன உள்ளங்கைச் சோதனையைச் செய்து பயன்படுத்துங்கள். தலையணையை மட்டும் நீக்கிவிடுங்கள்.

பாலூட்டும்போது தாய் கண்ணயர்வது இயல்பு. சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் குழந்தையுடன் உறங்குவது மிகவும் ஆபத்தானது. உறக்கம் வரும் என்று தோன்றினால் படுக்கையிலேயே அமர்ந்து பாலூட்டி, விழித்ததும் குழந்தையை அதன் இடத்தில் விடுங்கள். மது அருந்தியவர், புகைப்பவர், உறக்கம் தரும் மருந்து உட்கொள்பவர் ஆகியோர் குழந்தையுடன் ஒரே படுக்கையில் உறங்கவே கூடாது. குறைமாதக் குழந்தைக்கும் 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் எப்போதும் தனிப் படுக்கையே தேவை.

வெப்பமும் கொசுவும்

வேலூரின் கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. உடல் மிகையாகச் சூடாவதும் குழந்தையின் உறக்கத்திற்கு ஆபத்தே. கோடையில் ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். கை கால்களைத் தொட்டு முடிவு செய்யாமல், மார்பையும் பிடரியையும் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் அடுக்குத் துணியைக் குறையுங்கள். எடை குறைந்த குழந்தைக்குத் தொப்பியும் கதகதப்பும் எவ்வளவு தேவை என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். கொசுவலை முகத்தில் படியாதவாறு இழுத்துக் கட்டப்பட வேண்டும். கொசுவர்த்தி, சாம்பிராணி, பீடி ஆகியவற்றின் புகை குழந்தை உறங்கும் அறையில் கூடாது.

வீட்டிலுள்ள அனைவருக்கும்

இரண்டு குழந்தைகள் வரை 26 வாரப் பேறுகால விடுப்பு 2017இல் சட்டமானது. அது முடிந்து ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளின் காலணி ஆலைகளுக்குத் தாய்மார் திரும்பும்போது குழந்தை பாட்டியின் பொறுப்பிற்கு மாறுகிறது; விடுப்பு கிட்டாதவர்களின் வீடுகளில் அதற்கு முன்னரே மாறிவிடுகிறது. மல்லாந்தே உறங்கிப் பழகிய குழந்தையை வேறொருவர் குப்புறப் படுக்க வைத்தால் ஆபத்து பன்மடங்காகிறது. ஆகவே இக்கட்டுரையை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். "உங்கள் வளர்ப்பு தவறு" என்று சொல்ல வேண்டியதில்லை. "மருத்துவர் இப்படிப் படுக்க வைக்கச் சொன்னார்" என்று எங்கள் மேல் பொறுப்பை இட்டுச் சொல்லுங்கள்.

முதல் 6 மாதங்களேனும் குழந்தை உங்கள் அறையிலேயே, தன் படுக்கையில் உறங்கட்டும். குழந்தை நீலம் பாரித்தாலோ, துவண்டாலோ, மூச்சு விடத் திணறினாலோ காலம் தாழ்த்தாமல் 108 ஆம்புலன்சை அழையுங்கள். வீட்டிற்குச் செல்லுமுன், குழந்தையை எங்கே படுக்க வைக்கப்போகிறீர்கள் என்பதை எங்கள் செவிலியரிடம் சொல்லி ஐயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.