மொபைல் கிரிக்கெட்டில் உங்கள் வீரர் தேங்கிவிட்டாரா?

ஒயிட்ஃபீல்டு மெட்ரோவில் போய்க்கொண்டே, சென்னை நெக்ஸ்ட்வேவ் நிறுவனத்தின் ‘டபிள்யூசிசி 3’ விளையாட்டைக் கேரியர் முறையில் ஆடுபவர்களுக்கு:

1. வீரரை மேம்படுத்தக் கையிலுள்ளதை எல்லாத் திறனுக்கும் பிரித்துப் போடாதீர்கள். ஒன்றாவது தேறினால்தான் ஆட்டத்தில் பலன் தெரியும்.

2. முதல் சில பந்துகளைத் தரையோடு ஆடுங்கள். பந்து குத்தும் இடத்தில் தெரியும் குறியைப் பார்த்த பிறகே ஷாட்டைத் தேர்ந்தெடுங்கள்; அவசரமாகத் தேய்த்தால் டைமிங் தவறும். சின்னசாமி போன்ற சிறிய மைதானத்தில் சிக்ஸராகும் அடி, பெரிய மைதானத்தில் கேட்ச் ஆகிவிடும்.

3. ‘ஈஸி’ நிலையிலேயே சதம் குவிக்காதீர்கள். ரன் ஏறும், கை தேறாது.

4. இயர்போன் கட்டாயம். பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொல்லை இல்லை. மட்டையில் பந்து படும் ஓசையும் தெளிவாகக் கேட்கும்.