தூக்குக்குண்டும் காமிராவும்

திருமலை நாயக்கர் மகாலை யாம் எடுத்த நிழற்படமொன்றில், ஓரத்துத் தூண் நடுவே புறத்தே பிதுங்கி, வில்லென வளைந்து நின்றது. வளைந்தது தூணோ, வளைத்தது காமிராவோ? கொத்தனார் ஒருவரிடம் தூக்குக்குண்டை இரவல் வாங்கி, விடுதி மாடியினின்று தொங்கவிட்டு, நூல் அதே ஓரத்தில் அமையுமாறு படமெடுத்தோம். நூலும் அவ்வாறே வளைந்தது! தூண் பழி நீங்கிற்று.

ஈண்டு ஒரு மயக்கத்தை விலக்கல் வேண்டும். அண்ணாந்து எடுத்த படத்தில், இயல்பாகவே மேனோக்கிக் குறுகும் கோபுரம் பின்னும் குறுகித் தோன்றும். அது காமிராவைச் சாய்த்ததன் விளைவு; ஆங்கே நேர்கோடு சாயுமன்றி வளையாது. வளைவோ வில்லையின் குற்றம். உருவை நடுவில் ஓரளவாகவும் ஓரத்தில் வேறளவாகவும் பெருக்கிக் காட்டுதலே அதற்குக் காரணம். ஒற்றை வில்லைக்கு முன்னே ஒளித்துவாரம் இருப்பின் கோடுகள் புறத்தே பிதுங்கும். பின்னே இருப்பின் உள்ளே ஒடுங்கும். ஒத்த இரு வில்லைகளின் இடையே துவாரத்தை வைப்பின் இவ்விரு குற்றமும் ஒன்றையொன்று அழிக்கும். இத்தகைய வில்லைகளை 1866இல் இங்கிலாந்தில் டால்மேயரும் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே வெளியிட்டனர்.

அதற்கு எட்டாண்டுகட்கு முன்னரே, 1858இல், சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரரான காப்டன் லின்னேயஸ் டிரைப் மெழுகூட்டிய காகிதத்தில் இவ்வரண்மனையைப் படம்பிடித்தார். 1866 முதல் 1872 வரை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு காலத்துப் பழுதுபார்ப்பிற்கு முந்தைய நிலையை அவை காட்டுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்புறக் கல்வெட்டுகளையும் 21 படங்களாக எடுத்து, ஏறக்குறைய 19 அடி நீளத்திற்கு இணைத்தார். தமிழ் பயிலும் எமக்கு இதுவே பெருவியப்பு. வில்லை மிகப் பிழைக்கும் ஓரங்களிலன்றோ அவற்றை ஒட்டவேண்டும்!

எம் விளையாட்டை யாம் புதிதாகக் கண்டதாக எண்ணியிருந்தோம். 1971இலேயே அமெரிக்கரான டுவேன் பிரௌன், தொங்கும் நூல்களைப் படமெடுத்து, அவற்றின் வளைவினின்று காமிராவின் பிழையைக் கணிக்கும் முறையை வெளியிட்டுள்ளார். புள்ளியின் பெயர்ச்சி பெரும்பாலும் நடுவினின்றுள்ள தூரத்தின் முப்படியாய் வளரும். தூரம் இருமடங்காயின் பிழை எண்மடங்காம். 2000ஆம் ஆண்டில் ஜாங் என்பார், சதுரங்கக் கட்டமிட்ட பலகையைப் பல கோணங்களில் எடுத்தலே போதுமெனக் காட்டினார்.

டிரைப்பின் காமிராவுக்கு முன் நூல் தொங்கவிட இயலாது. அவர் எடுத்த பழுதுற்ற சுவரையே நேரெனக் கொள்வது குற்றவாளியைச் சாட்சியாக்குவதாம். மாறாது நிற்கும் தூண்களை இன்று அளந்து, அவ்வளவைக்கொண்டு பழைய படத்தின் வளைவைக் கணித்த பின்னரே, அச்சுவர் அன்று எத்துணை சாய்ந்திருந்ததென்று கூறலாகும்.