முகமூடிக்குப் பின்னால் யார்?



நூலகப் புத்தகம் ஒன்றில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தேன். பயந்து பக்கத்தைப் புரட்டிட்டேன். ஆனா மறுபடியும் பார்க்கணும்னு தோணுச்சு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வரைந்தவர்: பிரான்சிஸ்கோ கோயா (1746-1828). ஸ்பெயின் நாட்டு அரசவை ஓவியர். 1792-93இல் வந்த கடும் நோயால் காது கேட்காமல் போனது. அதன் பிறகு மசியால் நிறைய படங்கள் வரைந்தார். 1799இல் 80 படங்களை ஒரு தொகுப்பாக வெளியிட்டார். பெயர் 'கேப்ரிச்சோஸ்'. நான் பார்த்தது அதில் 6ஆவது படம்.

படத்தில் என்ன இருக்கு? முகமூடி போட்டு வேஷம் கட்டி ஆடும் கூட்டம். முன்னால் ஒரு பெண், முகமூடியோடு. அவளிடம் குனிந்து பேசும் ஆளுக்கும் முகமூடி. பின்னால் இருட்டில் சிலர் நிற்கிறாங்க. அவங்களுக்கு இருப்பது முகமூடியா, முகமேதானா? சொல்லவே முடியலை. எனக்குப் பயம் வந்தது அங்கேதான்.

எப்படிச் செய்தார்? செப்புத் தகட்டில் மெழுகு கலந்த பூச்சு பூசி, ஊசியால் கீறி வரையணும். தகட்டை அமிலத்தில் வைத்தால் கீறிய இடம் மட்டும் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மசி தேய்த்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். இருட்டுக்கு வேறு வழி. பிசின் தூளைத் தூவிச் சூடாக்கினால் தகட்டில் ஒட்டிக்கும். தூளுக்கு இடையிலுள்ள செம்பை அமிலம் அரிக்கும். அந்த இடம் சாம்பல் நிறமாகப் பதியும்.

படத்தின் பெயர் 'நாதியே சே கோனோசே'. இந்த ஸ்பானிய வாக்கியத்துக்கு இரண்டு பொருள் வரும்.
1. யாரும் ஒருவரையொருவர் அறியார்.
2. யாரும் தன்னைத்தானே அறியார்.

முதல் பொருள் எனக்கு உடனே புரிந்தது. வீட்டில் அழுதுட்டு வந்து வகுப்பில் சிரித்த நாள் எனக்கும் உண்டு. பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரியலை. அவளும் அன்னைக்கு அப்படித்தான் சிரிச்சாளோ என்னவோ, நான் கேட்கவே இல்லை. இரண்டாம் பொருள்தான் இன்னும் என்னை விடலை. ரொம்ப நாள் போட்ட முகமூடியே நம்ம முகமாகிப் போனா?

கோயாவுக்குப் பேச்சுக் குரல் கேட்கலை, முகம் மட்டுமே தெரிந்தது. அதனால்தான் இவ்வளவு கூர்ந்து பார்த்தாரோ என்பது என் எண்ணம்.

யோசியுங்கள்: இன்று உங்கள் பக்கத்தில் இருப்பவர் சிரித்தது நிஜமாகவா? ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி