தொண்டும் மேற்கல்வியும்

நோய் தீர்க்கும் கலையைப் பற்றிக் கூறுமிடத்துத் திருவள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு, அருகிருந்து மருந்தைப் பிழையாது ஊட்டுவோனையும் சேர்த்து நான்காக எண்ணினார். அந்த நான்காம் இடத்தில் இன்று நிற்போர் செவிலியர். இரவும் பகலும் உடனிருப்பதால், நோயாளியின் உடலில் தோன்றும் மாறுதலைப் பெரும்பாலும் முதலில் காண்போரும் அவரே. காண்பதற்குக் கண் போதும். கண்டதன் பொருளை உணர்வதற்குக் கல்வி வேண்டும். செவிலியர்க்கு எத்துணைக் கல்வி வேண்டும் என்னும் வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் அமெரிக்க நாட்டு லொரெட்டா ஃபோர்டு அம்மையார்.

அம்மையார் 1920-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் பிறந்தார். 1941-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் செவிலியர் பட்டயம் பெற்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வான்படையில் செவிலியராகப் பணியாற்றினார். பட்டயம் ஒன்றே செவிலியர்க்குப் போதும் என்று பலரும் கருதிய காலம் அது. அம்மையாரோ அவ்வளவில் அமைதி கொள்ளவில்லை. போர் முடிந்தபின், படையில் பணிபுரிந்தோர்க்கு அரசு வழங்கிய கல்வியுதவியைக் கொண்டு கொலராடோ பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். 1949-இல் இளநிலைப் பட்டமும், 1951-இல் முதுநிலைப் பட்டமும், 1961-இல் கல்வித்துறையில் டாக்டர் பட்டமும் அவரை வந்தடைந்தன.

பட்டங்கள் பெருகியபோதும் அவர் மக்களை விட்டு விலகினார் அல்லர். கொலராடோ மலைகளும் பரந்த வெளிகளும் நிறைந்த மாநிலம். அங்குள்ள சிற்றூர்களிற் குழந்தை மருத்துவரைக் காண்பது அரிதாக இருந்தது. பொதுச் சுகாதாரச் செவிலியராக அவ்வூர்களுக்குச் சென்ற அம்மையார், தாய்மாரும் குழந்தைகளும் படும் இடரை நேரிற் கண்டார். தக்க பயிற்சி பெற்ற செவிலியர் இருப்பின் இவ்விடரிற் பெரும்பகுதி நீங்கும் என்று உணர்ந்தார்.

ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவர் இக்கருத்திற்குத் துணை நின்றார். இருவரும் 1965-ஆம் ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்திற் புதியதொரு பயிற்சியைத் தொடங்கினர். குழந்தையின் உடலை முறையாகச் சோதித்தல், வளர்ச்சியை அளந்தறிதல், தடுப்பூசி இடுதல், சிறு நோய்களைத் தீர்த்தல், தாய்மார்க்கு அறிவுரை கூறுதல் ஆகியவற்றைச் செவிலியர் கற்றனர். இவ்வாறு பயின்றோர் 'நர்ஸ் பிராக்டிஷனர்' எனப்பட்டனர்.

புதுமைக்கு எதிர்ப்பு எழுவது இயல்பே. மருத்துவருள் சிலர், தம் துறையிற் செவிலியர் தலையிடுவதாக எண்ணினர். செவிலியர் கல்வியாளருள் சிலரோ, செவிலியர் தம் துறையைக் கைவிட்டுக் குட்டி மருத்துவராகிவிடுவர் என்று அஞ்சினர். இரு திறத்தாரிடையே நின்ற அம்மையார், இது செவிலியர் தொண்டின் வளர்ச்சியே என்பதில் உறுதியாக இருந்தார்.

அவ்வுறுதியின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். எடை ஏறாத குழந்தை ஒன்றைத் தாய் கொண்டு வருகிறாள் எனக் கொள்வோம். அன்புடைய எவரும் இரக்கம் கொள்வர். கற்ற செவிலியரோ, குழந்தை உண்ணும் முறையை வினவுவார்; நெஞ்சின் ஒலியைக் கேட்பார்; முந்தைய அளவுகளோடு ஒப்பிடுவார். உணவுக் குறையாயின் தாமே வழி கூறுவார். இதயக் கோளாறோ என்று ஐயுற்றால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அனுப்புவார். தாம் செய்யத்தக்கது எது, பிறர் உதவியை நாட வேண்டியது எது எனப் பகுத்தறியும் இத்தெளிவே உயர்கல்வியின் பயன். அத்தெளிவு இல்லாத தலைமை, வழி அறியாதவன் பிறர்க்கு வழி காட்டுவது போன்றதாம்.

பொறுப்பு வளர வளரக் கல்வியும் உயர்ந்தது. இன்று அமெரிக்காவில் இப்பணியிற் புதிதாகச் சேர விரும்புவோர் செவிலியர் துறையில் முதுநிலைப் பட்டமேனும் பெறுதல் வேண்டும். 1972-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகச் செவிலியர் கல்லூரியின் முதல் தலைவரான அம்மையார், கற்பித்தல், நோயாளரைப் பேணல், ஆராய்ச்சி ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைத்தார். வகுப்பறையில் உரைப்போர் நோயாளியின் பக்கத்திலும் நிற்க வேண்டும் என்பது அவ்விணைப்பின் கருத்து.

அம்மையார் 2025-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தம் 104-ஆம் வயதில் மறைந்தார். கொலராடோவில் அவர் இட்ட வித்து அதற்குள் பெருமரமாகிவிட்டது. அந்நாட்டில் இன்று 4 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இப்பணிக்கு உரிமம் பெற்றுள்ளனர்.

மேற்படிப்புப் படிக்கலாமா என்று எண்ணும் எவரும் முதலில் தம்மைக் கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு: இக்கல்வியால் யாருடைய துன்பம் குறையும்? அதற்கு விடை காண்பவர்க்கே பட்டம் உண்மையான அணியாகும். அன்பு தொண்டிற்கு உயிர். கல்வி அதற்குக் கண். உயிரும் கண்ணும் ஒருங்கே உடையவரே பிறரை வழிநடத்தும் தகுதி பெறுவர்.