ஒப்பந்த வேலைகளில் வீண் காலமும் தானியங்கி முறையும்

ஏரி மதகு ஒன்று பழுதுபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடைப்புப் பலகை உளுத்துவிட்டது. கட்டடத்தின் அடியில் கசிவு கண்டிருக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் ஏரி வற்றிக் கிடக்கும்போது ஒரு கொத்தனாரும் நான்கைந்து ஆட்களும் சில வாரங்களில் செப்பனிட்டு முடித்துவிடக்கூடிய வேலைதான். ஆனால் மதிப்பீடு தயாராகி, அனுமதி பெற்று, ஒப்பந்தப்புள்ளி கோரி, பணி உத்தரவு வந்து சேர்வதற்குள் ஐப்பசி பிறந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடுகிறது. ஏரியில் நீர் நின்ற பின்னர் மதகின் அடித்தளத்தைத் தோண்டுவது எங்ஙனம்? வேலை அடுத்த கோடைக்குத் தள்ளிப் போகிறது. அதுவரை மதகு கசிந்த வண்ணமே இருக்கும். தை மாதத்தில் கதிர் பால் பிடிக்கும் தறுவாயில் கடைமடை வயல்களுக்கு நீர் எட்டாது. அந்த நட்டத்தை எந்தக் கணக்கேட்டிலும் எவரும் எழுதுவதில்லை. அதனை விவசாயிதான் சுமக்கிறார்.

இத்தாமதத்துக்குக் காரணம் யார் என்று கேட்டால் ஊரார் அலுவலகத்தைச் சுட்டுவார்கள். அலுவலகத்தார் ஒப்பந்தக்காரரைச் சுட்டுவார்கள். ஒப்பந்தக்காரரோ பட்டியல் தொகை வாராமையைச் சொல்வார். மூவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும், யார் காரணம் என்று கேட்பதைவிட, காலம் எங்கே போயிற்று என்று கேட்பது பயன் தரும் என்பது நமது கருத்து. மேற்சொன்ன மதகு வேலைக்கான கோப்பை எடுத்து, அதன்மீது மெய்யாகவே ஒருவர் கைவைத்து வேலை செய்த நேரத்தை மட்டும் கூட்டிப் பார்ப்போம். அளவெடுத்து மதிப்பீடு எழுத இரண்டு நாள். அதனைச் சரிபார்க்க அரை நாள். அறிவிப்பு எழுத ஒரு மணி நேரம். புள்ளிகளைத் திறந்து ஒப்புநோக்கு விவரம் தயாரிக்க ஒரு நாள். உத்தரவு எழுத மற்றொரு மணி நேரம். எப்படிக் கூட்டினும் ஒரு வாரத்தைத் தாண்டாது. எஞ்சிய மாதங்களெல்லாம் கோப்பு மேசையில் உறங்கிய காலம். அல்லது ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று வந்த வழியே திரும்பிச் சென்ற காலம்.

இவ்வகைக் கணக்கை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் ஜப்பான் நாட்டார். டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில் பணியாற்றிய தாய்ச்சி ஓனோ என்னும் பொறியியலாளர், இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட ஆண்டுகளில், பொருளுக்குப் பயன் சேர்க்காத ஒவ்வொரு செயலையும் 'வீண்' என்று பெயரிட்டுத் தேடிக் களைந்தார். காத்திருத்தல், தேவையின்றி இடம் மாற்றுதல், பிழை நேர்ந்ததனால் மறுபடி செய்தல், தேவைக்கு மேற்பட்டுச் செய்து குவித்தல் எனத் தொடங்கி ஏழு வகை வீண்களை அவர் வகுத்தார். பின்னாளில், 1988-ஆம் ஆண்டில், இம்முறைக்கு 'லீன்' என்னும் ஆங்கிலப் பெயர் ஏற்பட்டது. கொழுப்பற்ற உடம்பு என்பது அச்சொல்லின் கருத்து. உழவர்களாகிய நமக்குக் களையெடுப்பு என்று சொன்னாலே போதும்.

களையெடுப்பவன் முதலில் பயிரையும் களையையும் பிரித்தறிய வேண்டும். காத்திருப்பு அனைத்தும் வீண் அன்று. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டு 2000-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டில் வகுக்கப்பட்ட விதிகள், இரண்டு கோடி ரூபாய் வரையிலான வேலைகளுக்குப் புள்ளி அளிக்கக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாட்களும் அளித்தல் வேண்டும் என்றன; அதனைக் குறைப்பதாயின் மேல் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதித்தல் வேண்டும் என்றும் கூறின. இந்தப் பதினைந்து நாள் மேலுக்குக் காத்திருப்பாகத் தோன்றும். ஆனால் அடுத்த ஊரிலுள்ள சிறிய ஒப்பந்தக்காரர் செய்தி அறிந்து, செங்கல் விலை, கூலி விலை கேட்டுக் கணக்குப் போட்டு வருவதற்கு அந்த அவகாசம்தான் இடம் தருகிறது. விரைவு என்ற பெயரால் அதனைச் சுருக்கினால், முன்கூட்டியே செய்தி தெரிந்த ஒருவர் மட்டுமே போட்டியில் நிற்பார். கிராம சபையில் வேலையைப் பற்றிக் கேள்வி எழுப்பும் நேரமும் அத்தகையதே. அதுவும் பயிர்தான், அதனைப் பிடுங்குதல் தகாது.

அறிவிப்புக்கு முன்னும் புள்ளி திறந்த பின்னும் கோப்பு சும்மா கிடக்கும் நாட்கள்தாம் களை. அவற்றுள் மிகக் கொடியது திருப்பி அனுப்பப்படும் கோப்பு. ஒருமுறை திரும்பினால், திரும்பிய நாளும் மறுபடி வரிசையில் நின்ற நாட்களும் சேர்ந்து பெரும்பாலும் சில வாரங்களை விழுங்கிவிடும்.

கோப்பு ஏன் திரும்புகிறது என்பதைக் காண ஓனோ எளிய வழி ஒன்றைக் கையாண்டார். 'ஏன்' என்னும் வினாவை ஐந்து முறை கேட்க வேண்டும் என்பதே அது. ஒப்பந்தக்காரரின் பட்டியல் திரும்பிவிட்டது. ஏன்? அளவுப் புத்தகத்தில் அடித்தளத்தின் ஆழம் பதியப்படவில்லை. ஏன்? பொறியாளர் வந்தபோது அடித்தளம் மூடப்பட்டுவிட்டது. ஏன்? தோண்டிய நாள் அவருக்குத் தெரியாது. ஏன்? அறிவிப்பது யார் பொறுப்பு என்று பணி உத்தரவில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? உத்தரவின் வாசகம் ஆண்டாண்டுகளாகப் படியெடுக்கப்பட்டு வருவது. அதனை எவரும் திருத்திப் பார்க்கவில்லை. முதல் வினாவோடு நின்றிருப்போமாயின் பொறியாளரையோ ஒப்பந்தக்காரரையோ குறை கூறி முடித்திருப்போம். ஐந்தாம் வினாவில், உத்தரவில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்பது தெளிவாகிறது. அடித்தளம் தோண்டி முடிப்பதற்கு இரண்டு நாட்கள் முன்னரே ஒப்பந்தக்காரர் எழுத்தில் அறிவித்தல் வேண்டும் என்பதே அவ்வரி. இதற்கு இயந்திரமும் வேண்டியதில்லை, செலவும் இல்லை.

பட்டியல் தாமதத்தை நாம் சிறிதாக எண்ணுதல் கூடாது. சிறு ஒப்பந்தக்காரர் வட்டிக்குக் கடன் வாங்கிச் சிமெண்டும் கம்பியும் இறக்குகிறார். தொகை எப்போது வரும் என்று தெரியாத இடத்தில், அந்த வட்டியையும் சேர்த்தே அடுத்த முறை விலை குறிப்பிடுவார். அன்றிக் கலந்துகொள்ளாமலே ஒதுங்கிவிடுவார். ஒதுங்குபவர் பலராயின் போட்டி குறைந்து விலை ஏறும். ஆகவே காலம் தாழ்த்திக் கொடுக்கும் பணம் ஊராட்சியின் சொந்தப் பணத்தையே தின்கிறது.

இனி இயந்திரத்தின் உதவியைக் காண்போம். இங்கும் ஜப்பானின் பழைய கதை ஒன்று நமக்குத் துணை செய்யும். நெசவாளர் நிறைந்த நமது நாட்டில் அதனை எளிதில் உணரலாம். சாக்கிச்சி டொயோடா ஒரு தச்சரின் மகன். அவர் 1924-ஆம் ஆண்டில் உருவாக்கி முடித்த தானியங்கித் தறியில் ஒரு சிறப்பு இருந்தது. பாவு நூல் ஒன்று அறுந்தாலோ ஊடை நூல் தீர்ந்தாலோ தறி தானாகவே நின்றுவிடும். அதற்கு முன்பு, அறுந்த நூலோடு தறி ஓடிக்கொண்டே இருந்தால், கெட்ட துணிதான் முழம் முழமாக வந்து சேரும். அதனைக் கண்டுபிடிக்கவே தறிக்கு ஓர் ஆள் காவல் நிற்க வேண்டியிருந்தது. நிற்கத் தெரிந்த தறி வந்த பின் ஒருவரே பல தறிகளைக் கவனிக்கலாயினர். இத்தறியின் உரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் கம்பெனி விலைக்கு வாங்கியது. பிழை நேர்ந்த அக்கணமே நிற்றல் என்னும் கருத்து, பின்னர் டொயோட்டாத் தொழிற்சாலையின் இரண்டு தூண்களுள் ஒன்றாயிற்று.

கணிப்பொறியிடம் நாம் கேட்க வேண்டியதும் இத்தன்மையையே. மதிப்பீட்டில் ஓர் இனத்தின் அளவு விடுபட்டிருந்தால், அது மேல் அலுவலகம் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்புவதற்குப் பதிலாக, எழுதியவரின் மேசையிலேயே 'இது நிறைவு பெறவில்லை' என்று நின்றுவிட வேண்டும். காலாவதியான பதிவுச் சான்றோடு ஒருவர் புள்ளி அளிக்க முற்பட்டால், அந்த நிமிடமே அவருக்குத் தெரிய வேண்டும். புள்ளி திறக்கும் நாளில் தெரிந்து பயனில்லை.

இவ்விரண்டையும் இணைத்துப் பயன் கண்ட நாடு கொரியக் குடியரசு. அங்கு அரசுக் கொள்முதல் பணியகம் 2002-ஆம் ஆண்டில் 'நாரா ஜாங்தோ' என்னும் மின்னணுக் கொள்முதல் அமைப்பைத் தொடங்கிற்று. நாட்டுச் சந்தைத்திடல் என்பது அப்பெயரின் பொருள். அழகான பெயர்தான். 2003-இல் அதற்கு ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்சேவை விருது கிடைத்தது. முன்பு ஒரு வணிகர் பத்து அலுவலகங்களில் போட்டியிட வேண்டுமானால் பத்து இடத்திலும் தனித்தனியே பதிவு செய்து, அதே சான்றிதழ்களைப் பத்து முறை அளிக்க வேண்டியிருந்தது. புதிய முறையில் ஒருமுறை பதிந்தால் எல்லா அலுவலகங்களுக்கும் அது செல்லும். வரி, உரிமம் முதலிய விவரங்களை அந்தந்தத் துறையின் பதிவேட்டிலிருந்து அமைப்பே நேராகப் பெற்றுக்கொள்ளும். ஒரு புள்ளியைக் கையாளும் நேரம் 30 மணியிலிருந்து 2 மணியாகக் குறைந்தது என்று ஓ.இ.சி.டி. என்னும் பன்னாட்டு அமைப்பு தெரிவித்துள்ளது. கணிப்பொறியின் வேகத்தால் மட்டும் இது வந்துவிடவில்லை. ஒரே தாளைப் பத்து முறை கேட்கும் வழக்கத்தை முதலில் ஒழித்தமையால் வந்தது.

அங்கும் குறுக்குவழி தேடியவர்கள் இருந்தனர். ஒருவருடைய மின்னணுச் சான்றை மற்றொருவர் இரவல் வாங்கிப் பல பெயர்களில் புள்ளி அளிக்கத் தலைப்பட்டனர். இதனைத் தடுக்க 2010-இல் விரல்ரேகையால் ஆளை உறுதி செய்யும் முறையைக் கொணர்ந்தனர். இயந்திரம் வந்தமையால் சூழ்ச்சி மறையாது, உருமாறும் என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் மின்கொள்முதலுக்கான வலைத்தளம் இயங்குகிறது. தேசியத் தகவலியல் மையம் அமைத்த அம்முறையில், அளிக்கப்படும் புள்ளிகள் மறைகுறியாக்கம் செய்யப்பட்டுப் பூட்டப்படுகின்றன. குறித்த நேரம் வந்த பின்னர், அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலர்கள் தத்தம் மின் கையொப்பத்தால் மட்டுமே திறக்க இயலும். யார் எவ்வளவு குறிப்பிட்டார் என்னும் ஒப்புநோக்கு விவரத்தைக் கணிப்பொறியே தயாரித்துவிடுவதால் கூட்டல் பிழைக்கு இடமில்லை. சிறு பொருள்கள் வாங்குவதற்கு 2016-இல் தொடங்கிய 'ஜெம்' என்னும் மத்திய அரசின் மின்சந்தையும், ஊராட்சிக் கணக்குகளுக்கு 2020-இல் வந்த இ-கிராம சுவராஜ் தளமும் உள்ளன. இவ்விரண்டையும் 2023-இல் இணைத்தார்கள்.

கருவிகள் இருந்தும் பயன் முழுமையாகக் கிட்டாத இடங்களையும் நாம் கண்டிருக்கிறோம். ஓர் அலுவலகத்தில் மதிப்பீட்டைக் கணிப்பொறியில் எழுதினர். பிறகு அதனை அச்சிட்டனர். அச்சில் மூவர் கையொப்பம் பெற்றனர். கையொப்பமிட்ட தாளைப் படமெடுத்து மீண்டும் கணிப்பொறியில் ஏற்றினர். தாளையும் ஒரு கோப்பில் தைத்து, ஆள் மூலம் அனுப்பினர். பழைய வேலையும் குறையவில்லை, புதிய வேலையும் சேர்ந்துகொண்டது. அங்கிருந்த எழுத்தர் ஒருவர், "முன்பு ஒரு மாடு கட்டியிருந்தோம், இப்போது இரண்டு மாட்டுக்குத் தீவனம் போடுகிறோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். களையெடுக்காத வயலுக்கு உரமிட்ட கதைதான் இது. மூன்று கையொப்பங்களில் எது உண்மையாகச் சரிபார்க்கிறது, எது வெறும் வழக்கம் என்று முடிவு செய்த பிறகே கணிப்பொறியை அழைத்திருக்க வேண்டும். சரிபார்க்கும் கையொப்பம் ஒன்று இருந்தால் அதனை வைத்துக்கொள்ளத் தயங்க வேண்டுவதில்லை. பொதுப் பணத்துக்குப் பொறுப்பேற்கும் ஒரு மனிதர் எப்போதும் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்கள் இதில் செய்யக்கூடியது யாது? விதிகளை மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. ஆனால் முடிந்துபோன ஒரு வேலையின் கோப்பைக் கேட்டுப் பெற்று, ஒரு தாளில் இரண்டு பத்திகள் இட்டு, ஒவ்வொரு மேசைக்கும் கோப்பு வந்த நாளையும் சென்ற நாளையும் எழுதலாம். அதற்குப் படிப்பு அதிகம் வேண்டியதில்லை. எந்த இரண்டு நாட்களுக்கிடையே இடைவெளி பெரிதாக இருக்கிறதோ, அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஐந்து முறை 'ஏன்' கேட்டு, கிடைத்த விடையை அடுத்த கூட்டத்தில் வைக்கலாம். எல்லா இடைவெளிகளையும் ஒரே நாளில் அடைக்க முற்பட்டால் எதுவும் அடைபடாது. அலுவலகத்தாரும் தம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதாக எண்ணி ஒதுங்கிவிடுவர். கேட்கும் முறை குற்றம் காணும் முறையாக இருத்தல் கூடாது. நாட்களை எண்ணும் முறையாக இருத்தல் வேண்டும்.

மதகு, கலிங்கு, வரத்துக் கால்வாய் போன்ற நீர்நிலை வேலைகளுக்கு இத்தாளைப் பின்னோக்கி எழுதுவது நன்று. மழை தொடங்கும் ஐப்பசியிலிருந்து எண்ணினால், வேலை முடிய வேண்டியது புரட்டாசி முதல் வாரம். பூச்சு இறுக விட்டுத் தொடங்க வேண்டியது ஆடி. புள்ளி திறக்க வேண்டியது ஆனி. பதினைந்து நாள் அறிவிப்பு வைகாசி இறுதி. மதிப்பீடு எழுத வேண்டியது சித்திரை. ஏரி வற்றி மதகின் அடிக்கல் கண்ணுக்குத் தெரிவதும் அந்தச் சித்திரையில்தான். ஆகவே பங்குனிக் கூட்டத்திலேயே பழுதான மதகுகளின் பெயர்களைக் குறித்து, அளவெடுக்க வரவேண்டிய நாளைப் பொறியாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.