வீடு மாறும் முன் படகுக்கு இடம் பாருங்கள்

பழவேற்காட்டு மீனவர் குப்பங்களில் வீடு மாறினால் தொழிலும் கூடவே மாறும். அதுவும் பெரும்பாலும் அவசரத்தில்தான். 1969இல் ஸ்ரீஹரிகோட்டாவை ராக்கெட் தளத்துக்கு எடுத்தபோது தீவிலிருந்த குடும்பங்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கிளம்புவதற்கான அவகாசத்தைக்கூடத் தரவில்லை.

புது வீட்டில் கான்கிரீட் கூரை, உள்ளேயே குழாய் என்றதும் பிள்ளைகள் அன்றைக்கே மூட்டை கட்டிவிடுவார்கள். சந்தோஷம்தான். ஆனாலும் கையெழுத்துப் போடுமுன் காகிதத்தை முழுக்கப் படியுங்கள். சுனாமிக்குப் பின் 2005 மார்ச்சில் தமிழக அரசு போட்ட 172ஆம் ஆணைப்படி, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் அதற்கு அப்பால் இலவச வீடு பெற முடிந்தது. பெற்றால் பழைய மனையை அரசிடம் விட்டுவிட வேண்டியிருந்தது. போக மறுத்தவர் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, உதவி கிடையாது என்றது ஆணை. மனை போனால் வலை காயப்போடும் இடமும் கருவாடு உலர்த்தும் இடமும் போயிற்று. புது வீட்டிலிருந்து இன்ஜினைத் தோளில் சுமந்து படகுவரை ஒருமுறை நடந்து பாருங்கள், தெரிந்துவிடும். வீட்டுப் பெண்கள் மீன் விற்கப் போகிறவர்களானால், விடியற்காலைப் பொன்னேரி பஸ் எங்கே நிற்கும் என்றும் விசாரியுங்கள். ஆண்கள் இதைக் கேட்க மறப்பது வழக்கம்.

பழவேற்காடு ஏரியில் தொழில் செய்கிறவர்கள் முதலில் பஞ்சாயத்தாரிடம் பேசிவிடுங்கள். பாடு முறையில் எந்த நாள் யார் எங்கே வலை போடுவது என்பது ஊர்க் கணக்கு. குடியிருப்பு மாறினால் உங்கள் பாடு நிலைக்குமா, போகுமா? வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதி வாங்குங்கள்.

வலையை ஈரத்தோடு சாக்கில் திணிக்க வேண்டாம். மிதவைக் கயிறு ஒரு பக்கம், ஈயக் கயிறு மறுபக்கம் என்று பிரித்துக் கட்டினால் சிக்கு விழாது. இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பைக் கழுவுங்கள். டேங்கைக் காலி செய்து நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். பெட்ரோல் கேனும் கேஸ் சிலிண்டரும் ஒரே வண்டியில் ஏறக் கூடாது. படகுப் பதிவுச் சான்று, நல வாரிய அட்டை, ரேஷன் அட்டை, பாஸ்புக் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில், பொறுப்பான ஒருவர் கையில் இருக்கட்டும்.

நாள் பார்க்க முடிகிற நிலையில் இருந்தால், விசைப்படகில் பங்குக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம் தோது. பள்ளி விடுமுறையும் அதற்குள் வந்துவிடும். கையில் காசு மட்டும் இருக்காது. வண்டி வாடகையை மார்ச்சிலேயே எடுத்து வையுங்கள்.